உடல் அக்காவுக்கு, பாய்மரம் தம்பிக்கு

அவர் யாரையும் வாசல்வரை வந்து வழியனுப்பி நான் பார்த்ததில்லை. பேச்சு முடிந்தால் முடிந்தது. நாம் செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் தாழ்ப்பாள் விழும். முதல் முறை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமோ என்று படிக்கட்டிலேயே நின்று, பேசியதையெல்லாம் மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். காபி நன்றாக இருந்தது என்றுதான் கடைசியாகச் சொல்லியிருந்தேன்.

சேலையூரில் எங்கள் வீட்டுக்கு எதிர்மாடியில் அவர் தனியாகக் குடியிருந்தார். கட்டட வரைபடம் போடும் கம்பெனி ஒன்றில், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவில் அவருக்கு டிராயிங் அக்கா என்று பெயர். நான் மேடம் என்பேன், அவர் சார் என்பார். இரண்டு பேரும் ஆயுளின் பெரும்பகுதியை ஆபீஸில் கழித்தவர்கள். வேறு சொல் வாயில் வராது.

நான் பதிவுத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் சார் பதிவாளர். ஒரு வேலையைச் செய்வது பாதி, அது நடந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்பது மறுபாதி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, அப்புறம் மேலதிகாரியின் பெயரில் ஒரு கடிதம். அந்தம்மாவிடம் இந்த மறுபாதி அடியோடு கிடையாது. ஆரம்பிப்பதற்கு முன் அளப்பார், யோசிப்பார், நாள் கணக்கில் நோண்டுவார். கையை விட்டுப் போனதும் அது அவருடையது இல்லை.

டிரேசிங் தாளில் மை தவறிப்போனால் பிளேடால் மெல்லச் சுரண்டித் திருத்துவது அவருடைய தொழிலில் எல்லோரும் செய்வது. அவர் செய்ததே இல்லையாம். தப்பான கோடு விழுந்தால், முக்கால்வாசி முடிந்த வரைபடமாக இருந்தாலும், தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாளில் ஆரம்பிப்பார். “இழுத்தது இழுத்ததுதான் சார். சுரண்டினா யாருக்குத் தெரியுமோ இல்லையோ, பேப்பருக்குத் தெரியும்” என்றார். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னார்.

ஒருமுறை பல்லாவரத்தில் மரச்சாமான் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் திரும்பினோம். ஏறும்போது அவர்தான் இடம் சொன்னார். எனக்கு அப்போது கண்ணில் புரை, வெளியே எல்லாம் பால் போலத்தான் தெரியும். நெடுநேரம் கழித்து, வண்டி நிற்கிறதே என்று இறங்கிப் பார்த்தால் பெரும்பாக்கம். வரிசை வரிசையாகக் குடியிருப்பு வாரிய அடுக்குமாடிகள். நான் டிரைவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் நியாயமாகத்தான் கேட்டார்: “இன்னா சார், அம்மா வழி பூரா பாத்துகினுதான வந்தாங்க. ஒண்ணும் சொல்லலியே. சரியான ரூட்டுதான்னு நெனச்சுகினு வந்துட்டேன்.”

நான் மேடம் பக்கம் திரும்பினேன். மேடவாக்கத்தில் வண்டி தப்பாகத் திரும்பியது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“ஒரு தடவை சொல்லியாச்சு சார்” என்றார். அப்புறம் அந்த அடுக்குமாடிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஜன்னல் எல்லாம் ஒரே அளவு, இதை வரைந்தவனுக்குக் கை வலித்திருக்காது என்றார்.

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் வீடுவந்து சேர்ந்தேன். இந்தக் குணத்தில் ஏதோ ஒரு சௌகரியம் இருக்கிறது என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். தெருக்கால்வாய்க்காக அவர் கொடுத்த மனுவும் அப்படித்தான். ஒரே ஒரு மனு. நினைவூட்டு எழுதித் தருகிறேன் என்று நானாக முன்வந்தேன், வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்துத் தெருவில் கால்வாய் வெட்டினார்கள். அங்கேயும் தண்ணீர் தேங்கத்தானே செய்தது என்றார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் என் வீட்டுக் கதவைத் தட்டி ஏணி கேட்டார். ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை. நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்புரை அறுவை முடிந்து அன்று காலைதான் கட்டைப் பிரித்திருந்தார்கள். புதுக்கண்ணால் நான் தெளிவாகப் பார்த்த முதல் வெளியாள் அவர்தான். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்கு என் கண்ணே சாட்சி.

ஏணியை நானே தூக்கிக்கொண்டு போனேன். பரணிலிருந்து சாக்கில் சுற்றிய ஒரு பொருளை இறக்கினார். மூன்றடி நீளத்துக்கு மரத்தில் செய்த படகு, பாய்மரப் படகின் சிறிய உரு. தாம்பரம் ரயில்வே ஷெட்டில் அவருடைய அப்பா ஃபிட்டராக இருந்தார். அவருக்கு மேலே இருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். அதற்கு முன்பே அது பழைய பொருள். பலகைகளை அடுக்கு அடுக்காக ஒட்டிக் குடைந்த உடல். அடியில் ஈயக்கட்டை. பெயிண்ட் அப்பளம் போல உரிந்து, ஓர் அடுக்கு வாய் பிளந்திருந்தது. மேல்தளத்தின் நடுவில் ஒரு சதுர ஓட்டை.

பாய்மரம் எங்கே என்று கேட்டேன்.

“தம்பி கிட்ட.”

“வாங்கிக்கலாமே மேடம்.”

“அது அவன் பாகம் சார். உங்களுக்கு ஞாபகம் இல்லையா? நீங்கதான சீல் போட்டீங்க.”

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

என் கையால் பதிவான பத்திரங்களை அடுக்கினால் அந்த மாடி உயரம் வரும். ஒன்றும் நினைவில் நிற்காது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த நாள் முழுசாக எழுந்து வந்தது. அக்காவும் தம்பியும். அப்பா கட்டிய வீட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அக்கா, பிரித்தே ஆக வேண்டும் என்று தம்பி. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘அ’ தபசில், ‘ஆ’ தபசில் என்று இரண்டு பட்டியல். ‘அ’ பட்டியலின் கடைசி வரி: மரத்தாலான பொம்மைப் படகு ஒன்றின் உடல். ‘ஆ’ பட்டியலின் கடைசி வரி: மேற்படி படகின் பாய்மரம், பாய்கள், கயிறுகள். என் எழுத்தர் அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்து சிரித்தார்.

வக்கீல் மேஜையில் வாக்குவாதம் முற்றியபோது தம்பி எரிச்சலில், அப்படியானால் படகையும் அறுத்துக்கொள்ளலாமே என்றிருக்கிறார். அக்கா உடனே, சரி, எழுதுங்க என்றிருக்கிறார். எழுதிவிட்டார்கள்.

அசையும் பொருளைப் பதிவு செய்யத் தேவையில்லை, அந்த வரியை எடுத்துவிடலாம் என்று நான் அவர்களுக்குச் சொன்னேன். விதி அப்படி. தம்பி பேனாவை மூடாமல் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா, “இருக்கட்டும் சார், எழுதியாச்சு” என்றார். சம்மதமா என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். அதுவும் விதி. சம்மதம் என்றார்கள். கைரேகை வாங்கினேன், முத்திரை வைத்தேன், அடுத்தவரைக் கூப்பிட்டேன். ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் அந்தத் தம்பி ஏதாவது சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு இன்னும் பதினாறு பத்திரம் பாக்கி.

அடுத்த வாரமே தம்பி போன் செய்து, பாய்மரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்றாராம். எழுதியாகிவிட்டது, வேண்டாம் என்று இவர் வைத்துவிட்டார். அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. இவரும் கூப்பிடவில்லை. தம்பி இருந்தது ஒன்றும் வெளிநாட்டில் இல்லை, அனகாபுத்தூரில். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஏணியைத் திருப்பி எடுத்துப் போகலாம் என்றார். நான் படி இறங்குவதற்குள் தாழ்ப்பாள் விழுந்தது.

அடுத்த பல மாதங்கள் நான் அந்த மாடிக்குத் தினமும் போனேன். மேற்பார்வை என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டேன். பிளந்த அடுக்கில் அவர் ஊசியால் பசையை ஏற்றி, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டி, ஒரு வாரம் தொடவே இல்லை. பெயிண்ட்டைச் சூடுகாட்டிச் சுரண்டவில்லை. கண்ணாடித் துண்டால் மெல்ல வழித்து எடுத்தார். ஈயக்கட்டையில் வெள்ளையாகப் பூத்திருந்ததைத் துடைத்து, வார்னிஷ் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசினார். எத்தனை தடவை என்று நான் எண்ணிவைத்திருந்தேன், அவர் எண்ணவில்லை. கயிற்றை இழுத்து நிறுத்துகிற சின்னச் சின்ன வில்லைகளைச் சட்டைப் பொத்தானில் செய்தார். கயிற்றுக்குத் தூண்டில் நரம்பு. பாய்களுக்கு நெருக்கமாக நெய்த வெள்ளைப் பருத்தித் துணி. அதில் அவர் பென்சிலால் போட்ட கோடு முடி அளவு இருந்தது.

அந்தப் படகின் விசேஷத்தை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதற்கு ரிமோட் கிடையாது, மோட்டார் கிடையாது. பின்பக்கம் நிற்கும் ஒரு சிறிய வெள்ளைத் தகட்டைக் காற்று திருப்பும், தகடு சுக்கானைத் திருப்பும். விடுவதற்கு முன் எல்லாவற்றையும் சரியான கோணத்தில் வைத்துவிட்டால் தானாகவே ஏரியைக் கடந்துவிடும். ஆனால் திரும்பி வருவதற்கு வேறு கோணம். அதனால் அக்கரையில் ஓர் ஆள் நிற்க வேண்டும். படகைப் பிடித்து, தகட்டையும் கயிற்றையும் மாற்றி வைத்து, திருப்பி அனுப்ப வேண்டும். சின்ன வயதில் இந்தக் கரையில் அக்கா, அந்தக் கரையில் தம்பி. ஆளில்லாத கரைக்கு அதை விடுவதில் அர்த்தமே இல்லை.

இரண்டு ஆள் இல்லாமல் ஓடாத ஒரு பொருளை இரண்டாக அறுத்துக்கொண்டவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பாய்மரம் மட்டும் அவரைச் சோதித்தது. நல்ல மரத்தில் அவரே ஒன்று சீவினார். உயரம், கடைசியாக ஏரியில் விட்டபோதைய நினைவிலிருந்து. ஒன்பது வயதுக்காரியின் நினைவு. ஒன்பது வயதில் எல்லாமே உயரம். சோதனைக்கு ஏரிக்குப் போனோம். அக்கரையில் நுனியில் ரப்பர் வைத்த கோலுடன் நான் நின்றேன். படகு அழகாகப் புறப்பட்டது. நடு ஏரியில் காற்று கொஞ்சம் ஏறியதும் அப்படியே பக்கவாட்டில் படுத்து, பாய் நனைந்து, எழ முடியாமல் ஆகாயத்தாமரைக்குள் போய்ச் செருகிக்கொண்டது. லாரி டியூபில் மிதந்து வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவரைக் கெஞ்சி நான்தான் மீட்டேன். திரும்பிப் பார்த்தால் அந்தக் கரையில் மேடம் இல்லை. வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். எட்டு மாத உழைப்பு தண்ணீரில் கிடக்கிறது, இவர் போய் உலை வைத்திருக்கிறார்.

மறுநாள் வாசலில் படகு காய்ந்துகொண்டிருந்தபோது, கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா அலுமினியக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார். “இன்னா டிராயிங்கக்கா, பாய இம்மாம் ஒசரம் வெச்சுக்கீற? காத்து அட்ச்சா கவுந்துதான் போவும். பழைய மரம் இன்னா ஆச்சு?”

பழைய மரம் என்ன ஆயிற்று என்று கேட்க அந்தத் தெருவில் ஒருவருக்காவது தைரியம் இருந்தது. மேடம் சங்கரா எவ்வளவு என்று கேட்டார். அதன்பிறகு இரண்டு மரம் சீவினார். ஒன்று குட்டை, படகு நகரவில்லை. மற்றது நெட்டை. அவருடைய மேஜையில் அந்தப் படகின் வரைபடம் நான்கைந்து தாள்களில் பாதிப் பாதியாக நின்றது. எல்லாம் பாய்மரத்தில் வந்து நின்றது. அளவு மட்டுமாவது தம்பியிடம் கேட்டு வாங்கலாம், நான் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கேட்டால் தராமல் இருப்பாரா என்றேன். “தருவான் சார். அதான் வேணாம்” என்றார்.

அங்கீகாரக் கடிதம் இல்லாமல் இன்னொருவர் சார்பாக ஓர் ஆபீஸுக்கு நான் போனதில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். பழைய ஆபீஸில் கேட்டு வாங்கிய பத்திர நகலில் விலாசம் இருந்தது.

அனகாபுத்தூரில் ஆற்றுப்பக்கத்துச் சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திண்டாட வேண்டும். கதவைத் திறந்தது தம்பியின் மனைவி. சேலையூரில் டிராயிங் அக்கா தெருவிலிருந்து வருகிறேன் என்றதும் கதவை முழுசாகத் திறந்தார். சார் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன். கூடத்துச் சுவரில் படம் இருந்தது. படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை, சின்ன விளக்கு.

நான் உட்காரவில்லை. எப்போது என்று கேட்டேன்.

“ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை சார். செவ்வாக்கெழம காலைல அவங்களுக்கு நாந்தான் போன் பண்ணேன். கேட்டுக்கினாங்க. சரின்னாங்க. வெச்சுட்டாங்க.”

புதன்கிழமை ஏணி. என் புதுக்கண் சாட்சியாகப் பார்த்த அந்தச் சாதாரண முகம். ஒரு மனுஷி தம்பியின் சாவைக் கேட்டு, அடக்கத்துக்குப் போகாமல், மறுநாள் பரணில் ஏறிப் படகை இறக்கியிருக்கிறாள். நான் அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இத்தனை மாதம் அவர் வீட்டில் காபி குடித்திருக்கிறேன். இது கல்நெஞ்சா, வேறேதாவதா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் எந்தப் படிவமும் இல்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். தம்பியின் மனைவி எழுந்து உள்ளறையைக் காட்டினார். ஜன்னல் ஓரத்தில் ஒரு காலிக் கட்டில், அதன் முன்னால் ஓர் ஓரமாக ஒதுக்கிய பூப்போட்ட திரை. திரை தொங்கிய கம்பு நல்ல தேன் நிறத்தில், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஒல்லியாக இருந்தது.

கடைசி ஒரு வருஷம் தம்பியால் எழுந்து கழிப்பறைக்குப் போக முடியவில்லை. கட்டிலுக்கு மறைப்புக் கட்டக் கம்பு தேடியபோது, பீரோவுக்குப் பின்னால் பாய்மரம் இருக்கிறது பார் என்று அவரேதான் சொல்லி எடுக்க வைத்தாராம். படுத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். பாய்களும் கயிறுகளும் பீரோவுக்குள் பாலிதீன் உறையில் மடிப்புக் கலையாமல் இருந்தன.

“அவரு சொல்லிட்டுத்தான் போனாரு சார். அக்கா ஆள் அனுப்பினா மறுபேச்சு பேசாம குடுத்துடு. அக்காவே வந்தா மட்டும் ஒடனே குடுத்துடாத, அக்காவ ஒரு நாளு இங்க வெச்சிருந்து அனுப்புன்னாரு.” அப்புறம் கேட்டார்: “அவங்க அனுப்பினாங்களா சார்?”

“அனுப்பினாங்க” என்றேன்.

பொய் வாக்குமூலம் கொடுத்தவர்களை முப்பத்து நான்கு வருஷம் எதிரில் உட்கார வைத்துப் பார்த்தவன் நான். இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது.

அந்தம்மா ஸ்டூலில் ஏறித் திரை வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். திரை தரையில் விழுந்ததும் கட்டில் மொட்டையாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்க்காமல் கம்பைப் பழைய புடவையில் சுற்றிக் கொடுத்தார். போன் நம்பரும் வாங்கிக்கொண்டேன்.

மேடம் மேஜையில் அதைப் பிரித்து வைத்தபோது நான் கோபத்தோடு தயாராக இருந்தேன். பஸ்ஸில் வரும்போதே வாசகம் கோத்து வைத்திருந்தேன். அவர் கம்பின் மேல் விரலை ஓட்டினார். வளையம் உரசிய இடங்களில் வார்னிஷ் தேய்ந்து வெளுத்திருந்தது.

“இது என்ன தேய்மானம்?”

சொன்னேன். கட்டில், மறைப்பு, எழுந்திருக்க முடியாதது எல்லாம்.

“எவ்வளவு நாள்?”

ஒரு வருஷம் என்றேன்.

“வலி இருந்துச்சாமா?”

அவர் ஒரே விஷயத்தில் தொடர்ந்து மூன்று கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு மூன்றாவதற்குப் பதில் தெரியாது. அதைக் கேட்காமல் வந்துவிட்டேன். விசாரணையில் எதையும் விடாதவன் என்று பெயர் எடுத்தவன் நான்.

கோத்து வைத்த வாசகத்தில் ஒரே ஒரு வரிதான் வெளியே வந்தது. அடக்கத்துக்குக்கூடப் போகவில்லையே மேடம் என்றேன்.

“அவன் வரேன்னு கூப்பிட்டப்ப வேணாம்னுட்டேன் சார். கூப்பிட முடியாதவன் முன்னாடி போய் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறது?” என்றார். வெளுத்த இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டே, “சுரண்டத் தெரியாமப் போச்சு” என்றார். அன்றைக்கு அவர் கதவைச் சாத்தவில்லை. சாத்த மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பழைய மரம் அந்தச் சதுர ஓட்டையில் ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் இறங்கி உட்கார்ந்தது. அவர் முதலில் சீவியதைவிட நான்கு விரல் குட்டை. பழைய பாய்களில் கறை இருந்தது. அலசினால் துணி தாங்காது என்று அப்படியே கட்டினார். பழைய கயிற்றில் தம்பி போட்டிருந்த முடிச்சுகளில் மூன்றை அவிழ்க்கவில்லை. மற்றதெல்லாம் புது நரம்பு. நான்கு நாளில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து ஏரிக்குப் போகலாம் என்றார்.

வாரிசுக்குத் தகவல் கொடுக்காமல் ஒரு சொத்தில் கை வைத்து எனக்குப் பழக்கமில்லை. சனிக்கிழமை தம்பியின் மனைவிக்குப் போன் செய்தேன். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தக் கரையில் என்று சொன்னேன். மேடத்திடம், எனக்கு மூட்டு வலி, அக்கரைக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் செய்தேன்.

காற்று பக்கவாட்டில், ஒரே சீராக இருந்தது. அவர் குனிந்து கயிற்றின் பொத்தானை நகர்த்தினார், தகட்டைத் திருப்பினார், கையை எடுத்தார். படகு லேசாகச் சாய்ந்தது. சாய்ந்த நிலையிலேயே நின்று, பிடித்துத் தள்ளியதுபோல வேகம் எடுத்து, நேர்க்கோடு போட்டுக்கொண்டு போனது. நீர்க்கோழிகள் விலகின. டியூப்காரர் வலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நடு ஏரியைத் தாண்டியது. அக்கரையில் புல்லுக்குள் நின்றிருந்த உருவம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் படகை இரண்டு கையாலும் பிடித்தது.

“யாரு சார் அது?”

“உங்க தம்பி சம்சாரம்.”

அவர் முகத்தில் நான் பார்த்ததை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அதற்குள் என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“சார், புட்ச்சுகினேன். இப்ப இன்னா பண்ணணும்? எனக்கு ஒண்ணும் தெரியலியே.”

போனை மேடத்திடம் நீட்டினேன். வாங்கினார். வாங்கி, அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அலோ, அலோ, சார் என்று குரல் வந்துகொண்டிருந்தது.

“பின்னாடி வெள்ளையா ஒரு தகடு இருக்கும்” என்றார்.

ஏரிக்கு அந்தப் பக்கம் அந்த உருவம் படகைப் பிடித்தபடியே நிமிர்ந்து எங்களைப் பார்த்தது.

“அக்காவா?”

“தகடு. பாத்தியா? அதை உன் வலது கைப் பக்கமா திருப்பு.”

“எதைக்கா? பாயையா?”

“பாய் இல்ல. பின்னாடி. சின்னது.”

“ரெண்டு இருக்குதுக்கா.”

“தண்ணிக்குள்ள இருக்கறது சுக்கான், அதைத் தொடாத. மேல இருக்கறது.” அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். தகடு, வலது கை, பிறகு கயிற்றில் இருக்கும் பொத்தான். அந்தம்மாவுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னார். மூன்றாம் தடவையும், நான்காம் தடவையும், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். மேடவாக்கத்தில் ஒரு சொல் சொல்லாமல் பெரும்பாக்கம்வரை வந்த அதே வாய்.

“திருப்பிட்டேன்க்கா. சரியா கீதான்னு தெரியல. விட்டுடட்டா?”

காற்று கொஞ்சம் ஏறியிருந்தது. அக்கரையில் அந்த வெள்ளைப் பாய் அந்தம்மாவின் கைக்குள் படபடவென்று அடித்துக்கொள்வது இங்கே தெரிந்தது.

“விடாத” என்றார். “புடிச்சுக்கோ. அங்கயே இரு. நான் வரேன்.”

கரைமேல் சுற்றிக்கொண்டு போக இருபது நிமிஷம் ஆகும். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் வேகமாக நடக்க ஆரம்பித்தார். விடாத, விடாத என்று சொல்லிக்கொண்டே போனது கொஞ்ச தூரம்வரை எனக்குக் கேட்டது. அது என்னுடைய போன். நான் திருப்பிக் கேட்கவில்லை.